உணவு எப்போது மருந்தாகிறது? மனநிலைக் கோளாறுகளும் ஊட்டச்சத்தும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் மனநலக் காப்பகங்கள் ஒரு நோயால் நிரம்பிக்கொண்டிருந்தன. வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரியும். வயிற்றுப்போக்கு நிற்காது. தூக்கம் போகும், எதிலும் பிடிப்பற்றுப் போகும், கடைசியில் புத்தி பேதலிக்கும். பெல்லாக்ரா என்ற இந்த நோய் 1906க்கும் 1940க்கும் இடையில் ஏறத்தாழ 30 லட்சம் பேரைத் தாக்கி, 1 லட்சம் பேரின் உயிரைக் குடித்ததாக மதிப்பிடப்படுகிறது. மனநோயாளி என்று பூட்டிவைக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குத் தேவைப்பட்டது பாலும் முட்டையும் பருப்பும்தான் என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை.

மனச்சோர்வுக்கும் இருமுனைப் பிறழ்வுக்கும் மாத்திரை வேண்டாம், சரியான உணவே போதும் என்று சொல்லும் குரல்கள் இன்று எங்கும் கேட்கின்றன. நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் சீட்டு எழுதி அனுப்பும் மருத்துவமும் இருக்கிறது. இரு தரப்பும் பெல்லாக்ராவின் வரலாற்றைப் படிக்க வேண்டும். சத்துக் குறை இருக்கும் இடத்தில் அதை நிரப்பும் உணவு நோயைத் தீர்க்கிறது. குறை இல்லாத இடத்தில் அதே சத்தை அளவுக்கு மேல் கொடுத்தால், கொடுப்பது மருந்து. மருந்துக்கு வைக்கும் அத்தனை சோதனைகளிலும் அது தேறியாக வேண்டும். கடந்த நூறாண்டு ஆய்வுகளை அடுக்கிவைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரியும் கோடு இது ஒன்றுதான்.

தட்டில் இருந்த வேறுபாடு

பெல்லாக்ராவை ஆராய 1914இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை அனுப்பியது. இது கிருமியால் பரவும் நோய் என்பதே அன்று பலருடைய நம்பிக்கை. காப்பகங்களுக்குள் நுழைந்ததுமே கோல்ட்பெர்கர் கண்ணில் ஒன்று பட்டது. உள்ளே அடைபட்டிருப்பவர்களுக்கு வரும் நோய், இரவும் பகலும் அவர்களோடு புழங்கும் செவிலியருக்கும் பணியாளருக்கும் வரவில்லை. கிருமி ஆள் பார்த்துத் தொற்றாது. வேறுபாடு தட்டில் இருந்தது. நோயாளிகளுக்குப் பெரும்பாலும் மக்காச்சோளமும் சர்க்கரைப் பாகும். பணியாளர்களுக்குப் பாலும் இறைச்சியும் கிடைத்தன.

அநாதை இல்லங்களிலும் ஜார்ஜியா மாநிலக் காப்பகத்திலும் உணவை மாற்றிப் பார்த்தார், நோய் விலகியது. 1915இல் மிசிசிப்பியின் சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலை தருவதாகச் சொல்லித் திரட்டிய கைதிகளுக்கு மக்காச்சோளம் மிகுந்த உணவைக் கொடுத்தார். கடைசிவரை இருந்த 11 பேரில் 6 பேருக்கு பெல்லாக்ரா வந்தது. இன்றைய அறநெறிப்படி ஏற்க முடியாத சோதனை அது. கிருமிக் கொள்கையைக் கைவிடாதவர்களுக்கு 1916இல் தன் உடலாலேயே பதில் சொன்னார்: நோயாளிகளின் இரத்தத்தைத் தனக்கும் தன் மனைவிக்கும் நண்பர்களுக்கும் ஊசியில் ஏற்றினார். எவருக்கும் நோய் வரவில்லை. குறைந்துபோன சத்து நியாசின் என்ற பி வைட்டமின் என்பதை 1937இல் கான்ராட் எல்விஜெம் கண்டுபிடித்தபோது கோல்ட்பெர்கர் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாமல் இல்லை. உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோவின் பழங்குடி மக்கள் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அதை விடுவித்தார்கள். தானியத்தைக் கொண்டுபோன மற்ற நாட்டார் அந்தச் சமையல் முறையைக் கொண்டுபோகவில்லை. புரதத்திலுள்ள டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலத்திலிருந்தும் உடல் நியாசினைத் தயாரித்துக்கொள்ளும். 1 மில்லிகிராம் நியாசினுக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம் டிரிப்டோஃபன் வேண்டும். மூளையில் செரோடோனினைத் தயாரிக்கவும் அதே டிரிப்டோஃபன்தான் மூலப்பொருள். பருப்பும் பாலும் இல்லாத ஏழைத் தட்டு எப்படி மனத்தைத் தொடுகிறது என்பதற்கு இது ஒரு வழி.

இந்தக் கதைக்கு நம் பக்கத்திலும் ஒரு அத்தியாயம் உண்டு. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவு, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்தார். தக்காணத்தில் சோளமே முழுச் சாப்பாடாக வாழும் ஏழைகளிடம் பெல்லாக்ராவைக் கண்ட அவரும் சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவும், சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலம் இதற்குக் காரணமாகலாம் என்று 1960இல் லான்செட் இதழில் எழுதினார்கள். லூசினின் பங்கு பற்றிப் பின்னர் விவாதங்கள் எழுந்தன. ஒற்றைத் தானியத்தில் அடங்கிப்போன தட்டு உடலோடு மனத்தையும் வாட்டும் என்ற உண்மை மாறவில்லை.

பட்டினி மனத்தை என்ன செய்கிறது என்பதற்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944 நவம்பரில் தொடங்கிய ஆய்வு சாட்சி. உடலும் மனமும் திடமாயிருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைவயிற்றோடு இருந்தார்கள். எடையில் கால்வாசி போனது. சிரிப்பு போனது, நட்பு போனது, எரிச்சலும் சோர்வும் வந்தன. சிலர் சமையல் புத்தகங்களை மணிக்கணக்கில் படித்துக்கொண்டிருந்தார்கள். முன்பு மனநோய் எதுவும் இல்லாதவர்கள் அவர்கள். மீண்டும் வயிறாரச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் மனம் உடனே திரும்பிவிடவில்லை.

அளவை மீறியபோது

நியாசின் பெல்லாக்ராவின் மனக்குழப்பத்தைத் தீர்த்தது என்றால், மற்ற மனநோய்களையும் தீர்க்காதா? 1950களில் கனடாவின் சஸ்காட்செவனில் ஏப்ரம் ஹாஃபரும் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும் இந்தக் கேள்வியை எடுத்தார்கள். மனச்சிதைவு நோயாளிகளுக்கு நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் நியாசின் கொடுத்தார்கள். உடலின் தேவை சுமார் 15 மில்லிகிராம். கொடுத்தது அதைப் போல நூறு மடங்குக்கும் மேல். நல்ல பலன் கிடைத்ததாக எழுதினார்கள். இரு நோபல் பரிசுகள் பெற்ற லைனஸ் பாலிங் 1968இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இந்த முறைக்குப் பெரும் செல்வாக்கைத் தந்தது.

கேள்வி தவறில்லை, விடை சோதனையில் நிற்கவில்லை. பிறர் கட்டுப்பாட்டோடு செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஆய்வுக்குழு அந்த உரிமைகோரல்களை நிராகரித்தது. பெல்லாக்ரா நோயாளிக்கு நியாசின் உணவு. மனச்சிதைவு நோயாளிக்கு அதே நியாசின், கல்லீரலைக் கெடுக்கக்கூடிய அளவில் கொடுக்கப்பட்ட, நிரூபிக்கப்படாத மருந்து.

இதே கோட்டின் மறுபுறத்தில் லித்தியம் நிற்கிறது. ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்தவர். சத்துக் குறையால் சக கைதிகளின் மனம் மாறுவதைக் கண்ட அனுபவம், மனநோய்க்கு உடலில் வேர் இருக்கிறது என்ற நம்பிக்கையை அவருக்குள் உறுதிப்படுத்தியது. போர் முடிந்து மெல்பர்னில் கினிப் பன்றிகளை வைத்து ஆராய்ந்தபோது லித்தியம் உப்பு அவற்றை அமைதிப்படுத்துவதைக் கண்டார். முதலில் தானே உட்கொண்டு பார்த்தார். இருமுனைப் பிறழ்வின் எழுச்சி முகமான பித்தெழுச்சி நிலையிலிருந்த பத்து நோயாளிகளிடம் கண்ட முன்னேற்றத்தை 1949 செப்டம்பரில் வெளியிட்டார். ஐந்தாண்டுகளாகத் தணியாத பித்தெழுச்சியோடு இருந்த 51 வயது மனிதர் சில மாதங்களில் வீடு திரும்பினார்.

லித்தியம் ஆய்வகத்தில் புனைந்த வேதிப்பொருள் இல்லை. பாறையிலும் நீரிலும் காய்கறியிலும் நுண்ணிய அளவில் இருக்கும் தனிமம். கேட் தன் கட்டுரையை வெளியிட்ட அதே 1949இல் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு கடைகளில் விற்கப்பட்டது. அளவு பார்க்காமல் சோற்றில் தூவிக்கொண்டவர்களில் சிலர் இறந்தார்கள். அந்த உப்பு தடை செய்யப்பட்டது. வீடு திரும்பிய கேட்டின் நோயாளியும் 1950இல் லித்தியம் நச்சேறி இறந்தார். பிறகு மோகென்ஸ் ஷோ என்ற ஆய்வாளர் 1954இல் ஒப்பீட்டு ஆய்வு செய்தார், இரத்தத்தில் அளவு பார்க்கும் முறை வந்தது, 1970இல் அமெரிக்கா பித்தெழுச்சிக்கு லித்தியத்தை அனுமதித்தது. சாப்பாட்டு மேசையில் உயிரைப் பறித்த பொருள், அளவும் கண்காணிப்பும் சேர்ந்ததும் இருமுனைப் பிறழ்வின் முதன்மை மருந்தானது. தற்கொலையைக் குறைப்பதில் இதற்கு உள்ள அளவு வலுவான சான்று மனநல மருந்துகளில் வேறெதற்கும் அரிது. இயற்கையா செயற்கையா என்ற கேள்வி இங்கே எதையும் தீர்மானிக்கவில்லை. சோதித்து, அளந்து, கண்காணித்ததுதான் தீர்மானித்தது.

சத்து மாத்திரைகளின் கணக்கு

ஃபோலிக் அமிலம் குறைந்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருப்பதும், அவர்களுக்கு மருந்து மெதுவாக வேலை செய்வதும் பல ஆய்வுகளில் தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் கோப்பனும் பெய்லியும் 127 பேரை இரு குழுவாகப் பிரித்து, எல்லோருக்கும் ஃபுளுவாக்செடின் என்ற மனச்சோர்வு மருந்தும், ஒரு குழுவுக்கு அதோடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொடுத்தார்கள். பெண்களிடம் தெளிவான பலன் தெரிந்தது. வேல்சில் 475 பேரிடம் நடந்து 2014இல் வெளிவந்த பெரிய ஆய்வில், மருந்தோடு சேர்த்துக் கொடுத்த 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் மருந்தற்ற வெற்று மாத்திரையான மருந்துப்போலியைவிட எந்தக் கூடுதல் பலனும் தரவில்லை. சிறிய ஆய்வில் மின்னுவது பெரிய ஆய்வில் மங்குவது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

மனச்சோர்வு வராமல் தடுக்கச் சத்து மாத்திரை உதவுமா என்ற கேள்விக்கு இப்போது ஓரளவு உறுதியான விடை உண்டு. ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் கூடுதல் உடல் எடையும் லேசான சோர்வு அறிகுறிகளும் உள்ள 1,025 பேருக்கு ஓராண்டு ஒமேகா-3, செலினியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2019இல் வெளிவந்தது; தடுக்கவில்லை. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 18,353 பேருக்குச் சராசரியாக ஐந்தாண்டுக்கு மேல் வைட்டமின் டி கொடுத்த ஆய்வு 2020இல் வெளிவந்தது, அதுவும் தடுக்கவில்லை. அதே ஆய்வின் மீனெண்ணெய்ப் பிரிவில் மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு சற்றுக் கூடவே இருந்தது. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மருந்தோடு துணையாக, இ.பி.ஏ. என்ற கொழுப்பமிலம் மிகுந்த ஒமேகா-3 ஓரளவு உதவலாம் என்று வேறு சில தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. அங்கேயும் சொல் துணை என்பதுதான்.

மருந்துக்குப் பதிலாகவே சத்துக்கலவை என்ற கோரிக்கை கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1990களில் எழுந்தது. மனைவியைத் தற்கொலையில் இழந்து, பிள்ளைகளும் இருமுனைப் பிறழ்வால் தவிப்பதைப் பார்த்த ஒரு தந்தையும், பன்றித் தீவனத் தொழிலில் இருந்த அவருடைய நண்பரும் சேர்ந்து, ஒன்றையொன்று கடிக்கும் பன்றிகளைச் சாந்தப்படுத்தும் தாதுக் கலவையை மனிதர்களுக்காகத் தயாரித்தார்கள். கால்கரி பல்கலைக்கழகத்தின் பானி கேப்லன் 11 பேரிடம் அதைக் கொடுத்துப் பார்த்து, அறிகுறிகள் பெருமளவு குறைந்ததாக 2001இல் எழுதினார். அந்தத் தந்தையின் துயரத்தையும் தேடலையும் நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிடுவதற்கு மறுகுழு இல்லை. இருமுனைப் பிறழ்வு அலைபோல் எழுந்து தானாகவே தாழவும் கூடியது. தாழும் நேரத்தில் எதை விழுங்கினாலும் அதுவே மருந்தாகத் தோன்றும். மறுகுழு இல்லாமல் இந்த நோயில் எதையும் நம்ப முடியாது.

முழுத் தட்டு என்ன சொல்கிறது

தனித்தனி மாத்திரைகளை விட்டு மொத்தச் சாப்பாட்டையே மாற்றினால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்காவின் குழு 2017இல் வெளியிட்ட ஸ்மைல்ஸ் ஆய்வு இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டது. மிதமானதிலிருந்து கடுமையானதுவரை மனச்சோர்வு உள்ள 67 பேர். ஒரு பாதியினர் 12 வாரங்களில் ஏழு முறை உணவு ஆலோசகரைச் சந்தித்து, முழுதானியம், காய்கறி, பழம், பருப்பு வகைகள், மீன், ஆலிவ் எண்ணெய் என்று சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். மறுபாதியினருக்கு அதே எண்ணிக்கையில் நட்பாகப் பேசத் துணை கிடைத்தது. முடிவில் உணவுக் குழுவில் 32 விழுக்காட்டினரும் மறுகுழுவில் 8 விழுக்காட்டினரும் நோய் தணிந்த நிலையை எட்டினார்கள். பரிந்துரைத்த உணவின் வாரச் செலவு 112 ஆஸ்திரேலிய டாலர் என்றும், அதற்கு முன் அவர்கள் செலவிட்டது 138 டாலர் என்றும் கணக்கிட்டார்கள்.

இந்த எண்களை மேடையில் முழங்குபவர்கள் இரண்டு செய்திகளைச் சொல்வதில்லை. 67 பேரில் 55 பேர் மருந்தோ பேச்சு சிகிச்சையோ இரண்டுமோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். உணவு அதன்மேல் சேர்ந்தது. அடுத்து, மோசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மட்டுமே ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். குறை இருந்தவர்களின் குறை தீர்ந்தது என்று படித்தால் இது கோல்ட்பெர்கரின் பாடத்தோடு அப்படியே பொருந்துகிறது. ஆய்வு சிறியது என்பதும், தாம் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியும் என்பதும் நினைவில் இருக்க வேண்டிய வரம்புகள்.

இருமுனைப் பிறழ்வில் சான்று இன்னும் மெலிந்தது. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு பற்றி 2024இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த முன்னோட்ட ஆய்வு நம்பிக்கை தந்தது. பங்கேற்றவர்கள் 21 பேர், மறுகுழு இல்லை, அவர்கள் மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலும் ஆராய வேண்டிய விதை அது. அறுவடைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

நம் வீட்டுக் குறைகள்

குறையைத் தேடு என்பதே பாடம் என்றால், தேட வேண்டிய இடம் நம் வீடு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21இன்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டில் 53.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருக்கிறது. 2016-18இன் தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் வளரிளம் பருவத்தினரில் 31 விழுக்காட்டினருக்கு பி12 குறையும் 37 விழுக்காட்டினருக்கு ஃபோலேட் குறையும் தெரிந்தன. பி12 இயல்பாகக் கிடைப்பது விலங்கு உணவில் மட்டுமே. பாலும் அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரர்கள், நீரிழிவுக்கு நெடுங்காலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அமிலக் குறைப்பு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள் ஆகியோரிடம் இது குறைய வாய்ப்பு அதிகம். சோர்வு, மறதி, கால் மரமரப்பு, மனச்சோர்வு எல்லாம் அதன் முகங்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் பி12 குறையின் இரத்தசோகை மறைந்துவிடும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். சோதிக்காமல் சத்து மாத்திரை வாங்குவதன் ஆபத்து இதுவே.

ஆகவே மனச்சோர்வோடு வருபவருக்கு இரத்த எண்ணிக்கை, பி12, தைராய்டு ஆகிய சோதனைகளைச் செய்யாமல் சிகிச்சை தொடங்குவது அரைகுறை மருத்துவம். அந்தச் சோதனைகளில் எந்தக் குறையும் இல்லை என்று தெரிந்த பிறகும் சத்தை மட்டும் நம்பி மருந்தைத் தள்ளிப்போடுவதும் அதே அளவு பிழை. 2018இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வு 522 ஆய்வுகளையும் 116,477 பேரையும் கொண்டது. அதில் பார்க்கப்பட்ட 21 மனச்சோர்வு மருந்துகளும் மருந்துப்போலியைவிட மேலாக நின்றன. பலன் மிகப் பெரியதல்ல, ஆனால் மெய்யானது. இந்த அளவு சோதனையைக் கடந்த சத்துக்கலவை இதுவரை ஒன்றுமில்லை.

மருந்தை நிறுத்திவிட்டு உணவுக்கு மாறுவதன் விலை இருமுனைப் பிறழ்வில் மிகக் கடுமையானது. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் முதல் சில மாதங்களுக்குள் பித்தெழுச்சி திரும்பும் வாய்ப்பு மிகுகிறது. தற்கொலை ஆபத்தும் கூடுகிறது. உணவை மாற்றுவதும் மருத்துவருக்குத் தெரிந்தே நடக்க வேண்டும். லித்தியம் எடுப்பவர் விரதம் இருந்தோ உப்பில்லாப் பத்தியம் பிடித்தோ உடலின் உப்பையும் நீரையும் குறைத்தால், சிறுநீரகம் லித்தியத்தை உள்ளேயே தேக்கிக்கொள்ளும், அளவு நச்சாகும். சத்து என்ற பெயரும் பாதுகாப்புச் சான்று ஆகாது. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் கடைகளில் விற்ற டிரிப்டோஃபன் மாத்திரைகளால் 1989இல் அமெரிக்காவில் 1,500க்கும் மேற்பட்டோர் தசையையும் நரம்பையும் தாக்கும் நோய்க்கு ஆளானார்கள், 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பாதிப்புகளில் பெரும்பாலானவை ஒரே தயாரிப்பாளரின் சரக்கோடு தொடர்புடையவை. பி6 வைட்டமினைக் கிராம் கணக்கில் எடுத்தவர்களுக்கு நரம்புகள் பழுதானதை 1983இலேயே மருத்துவ இதழ்கள் பதிவு செய்தன.

கோல்ட்பெர்கரின் கடைசிப் பாடம்

பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் 85 விழுக்காட்டினரும், இருமுனைப் பிறழ்வு உள்ளவர்களில் 70.4 விழுக்காட்டினரும் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று தெரிந்தது. எந்த மருத்துவமும் எட்டாதவர்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில், உணவே மருந்துக்கு மாற்று என்னும்போது, எதற்கு மாற்று என்று கேட்கத் தோன்றுகிறது. 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண் இருக்கிறது. கட்டணமில்லாமல் எந்த நேரமும் பேசலாம். அதைச் சொல்வதும் உணவைப் பற்றிச் சொல்வது போலவே அவசியம்.

மனச்சோர்வில் கிடப்பவரிடம் நன்றாகச் சாப்பிடு, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது எளிது. பசியைத் தின்றுவிடுவதும் அடுப்பு மூட்டும் தெம்பைப் பறிப்பதும் அந்த நோயின் இயல்பு. ஸ்மைல்ஸ் ஆய்வில் உணவு ஆலோசகர் கூடவே இருந்து வழி காட்டினார். ஆலோசனையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. நம் வீடுகளில் அந்த இடத்தில் யாராவது இருக்க வேண்டும். பெரும்பாலும் சமைப்பவளே சோர்ந்துபோயிருக்கிறாள்; எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருபவளும் அவள்தான்.

பெல்லாக்ராவின் காரணத்தைக் கண்டபின் கோல்ட்பெர்கர் அதோடு நிற்கவில்லை. 1916 முதல் எட்கர் சிடன்ஸ்ட்ரிக்கர் என்ற பொருளியலாளரோடு சேர்ந்து தென்கரோலினாவின் ஆலைக் குடியிருப்புகளில் வீடு வீடாக வருமானத்தையும் சமையலறையையும் கணக்கெடுத்தார். கூலி குறைந்த வீடுகளில் நோய் மிகுந்திருந்தது. பாலும் இறைச்சியும் மருந்து என்று கண்டவர், அதை வாங்கவிடாமல் தடுத்தது கூலி என்றும் எழுதினார். போதுமான கூலி மருந்துக் கடையில் கிடைக்கவில்லை, கிடைக்கவும் கிடைக்காது. கடைசியில் உட்காருபவளின் தட்டில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதும், அவளுக்கான மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துத் தருவதும் ஒருவர் செய்ய வேண்டிய ஒரே வேலை.